நான்கைக் கழற்றி மூன்றை மாட்டியது

நாள் சம்பளம் நூற்றிருபது வெள்ளி,
ஒரு தொப்பி, ஒரு மழைக்கோட்டு,
மதியம் நாசி லெமாக் பொட்டலம்.
புக்கிட் கியாரா பக்கம், பதினெட்டாம் குழிக்குப் பின்னால்
மூன்றாள் உயரப் பலகை.
கீழே ரொஸ்மாவாத்தி காதில் கருவி மாட்டி எண் சொல்ல,
ஏணியில் நின்று தகடு மாட்டுகிறவள் நான்.

சிவப்பு எண் என்றால் குறைவு.
குறையக் குறைய மேலே ஏறும் விளையாட்டு இது
என்று புரிவதற்கே
வியாழக்கிழமை மதியமாகிவிட்டது.
அதற்குள் ஸ்வீடன்காரி ஒருத்தி
ஏழு குறைந்திருந்தாள்.

நீஸ்ட்ரோம்.
அவள் பெயரில் ஓர் எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளி.
பெட்டியில் அந்த எழுத்து இல்லை.
புள்ளி வைத்தால் எழுத்தை விட்டு உயிர் போய்விடும் என்று
செந்தூலில் படித்தவள் நான்.
மொட்டையாகவே மாட்டினேன்.
வெள்ளிக்கிழமை, பதினைந்து.
பார்க்க என்னவோ போலிருந்தது.
கறுப்பு நாடாவில் இரண்டு பொட்டு வெட்டி ஒட்டினேன்.
உயிர் போகவில்லை.
சனிக்கிழமை, இருபது.

ஞாயிறு காலை பசியாறும்போதே
தவநேசன் அண்ணன் சொல்லிவிட்டார்:
"முதல் வரியில் இன்றைக்கு உனக்கு வேலை இல்லை.
பத்து வித்தியாசம்!
முருகனே இறங்கி வந்து மட்டை பிடித்தாலும்
இரண்டாவதுதான்."
கோப்பையில் பெயர் வெட்டுகிறவர் நேற்றே வந்து
எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம்.

அப்படித்தான் இருந்தது.
பாடெல்லாம் இரண்டாம் வரிக்குக் கீழே.
பத்து, பதினொன்று, மறுபடி பத்து,
ஆறு பேர் ஒருவர் தோளில் ஒருவர் மிதித்து
ஏறினார்கள், சரிந்தார்கள்.
சிவப்பு ஒன்றுகள் தீர்ந்துபோயின.
கடைசி ஒன்றை நாடாவால் நானே செய்தேன்.
கூட்டம் அதற்குத்தான் கத்தியது.
மேலே அவள் பெயர்
அசைய அவசியமில்லாமல்
கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

நாலு மணிக்கு, வழக்கம்போல, வானம் கறுத்தது.
தூரத்தில் இரட்டைக் கோபுரம்
ஒன்றாகி
ஒன்றுமில்லாமல் ஆனது.
சங்கு ஊதி எல்லாரையும் கூடாரத்துக்குள் விரட்டினார்கள்.
பாதிப் பேர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
முடிவு தெரிந்த கதைக்கு யார் நனைவார்?
அவள் மட்டும்
ஈரக் கம்பளத்தில் ஒரு தேநீர்க் கோப்பையைச் சாய்த்து வைத்து
பந்தை அதற்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்,
ஒரு மணி நேரத்துக்கு மேல்,
தோற்கப் போகிறவள் போல.

கடைசிக் குழி.
இருபத்து மூன்றில் இருக்கிறாள்.
நான்கடித் தூரம்.
போட்டால் இருபத்து நான்கு.
போடாவிட்டாலும் கோப்பை அவளுக்குத்தான்,
பத்து முறை தவறவிட்டாலும் அவளுக்குத்தான்.
இருட்டிக்கொண்டு வந்தது.
நான் முன்கூட்டியே நான்கை மாட்டிவிட்டேன்.

அவளோ சுற்றி வந்தாள்.
குந்தினாள்.
எதிர்ப் பக்கம் போய் மறுபடி குந்தினாள்.
ஒரு புல்லைப் பார்த்தாள். அதன் நிழலையும்.

பந்து குழியின் உதட்டைத் தொட்டு
வளைந்து
வெளியே நின்றது.

தட்டத் தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்
எல்லாரும் தட்டினார்கள்.
அவள் அதைத் தள்ளி உள்ளே விட்டாள்.
பூங்கொத்து வந்தது, கேமராக்கள் வந்தன,
பன்னிரண்டு அடி வித்தியாசம் என்று
ஒலிபெருக்கி மூன்று மொழியில் சொன்னது.
அவள் எல்லாரையும் தாண்டிப்
பலகையைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
சிரிக்கவில்லை.
மூன்று விரலைக் காட்டினாள்.

ஏணியில் என் முழங்கால் நடுங்கியதை
ரொஸ்மாவாத்தி பார்த்திருப்பாள்.
நான்கைக் கழற்றினேன்.
மூன்று உடனே கைக்கு வரவில்லை.
அந்தப் பெரிய கோப்பையோடு நான்கு பேர் காத்து நிற்க
அவளும் நின்றாள்,
நான் மூன்றைத் தேடி
துடைத்து
மாட்டி முடிக்கும்வரை.

அதற்குப் பிறகுதான் தொப்பியைக் கழற்றினாள்.

எட்டு மணிக்குப் பலகையைப் பிரித்தோம்.
எழுத்துகளைப் பெட்டியில் அடுக்கினேன்.
ஒட்டிய நாடாவையெல்லாம் பிய்த்துவிடு என்றார் தவநேசன் அண்ணன்.
ஒன்றைப் பிய்த்தேன்.
இரண்டு புள்ளியை விட்டுவிட்டேன்.
அடுத்த வருஷம்
யார் பெயருக்காவது ஆகும்.